கடைசி இருவர்

பிற்பகல் இரண்டு மணி. மழைக்கு முந்திய இருள். பல்கலைக்கழகத்தின் பின்வாயிலிலிருந்து பழைய தேர்வுக்கூடம் வரை நீளும் பாதையில் ஒரே ஒரு காலடி ஓசை… அண்ணியுடையது.

என் அறைத்தோழியின் அண்ணி. அப்போது அவருக்கு மணமாகவில்லை.

"நாளைக்குப் பரீட்சையை வெச்சுக்கிட்டு, நடுராத்திரியில பேய்க்கதை சொல்றா பாரு!" என்றாள் நாங்கள் நெட்டை என்று அழைக்கும் தோழி, விடுதி அறையில் எங்கள் நால்வருக்கும் பொதுவான போர்வையைத் தன் பக்கம் இழுத்தபடி.

"ஆமா, இவ்வளவு நேரம் படிச்சு நீ கிழிச்சே! சும்மா இருடி," என்றாள் அந்த அண்ணியின் நாத்தனாரான அறைத்தோழி. "நீ சொல்லு."

சொன்னேன்.

அந்த ஒரு பாடத்தில் அண்ணி மூன்று முறை தோற்றிருந்தார். இது இறுதி வாய்ப்பு. நழுவினால் பட்டம் இல்லை. காலையில் பேனா கசிந்து, வெள்ளைச் சட்டையின் வலக்கை முனையில் நீலக் கறை.

கூடத்தில் தேர்வர் இருவரே. முன்வரிசையில் அண்ணி. கடைசி வரிசையில், கூந்தல் முகத்தை மறைக்கக் குனிந்திருந்த ஒரு பெண். பையும் கைக்கடிகாரமும் வெளியே. கண்காணிப்பாளர் ஒரு முதியவர். ஒரே ஒரு விதியைச் சொன்னார்.

"கடைசி ரெண்டு பேர் சேர்ந்துதாம்மா எழுந்திரிக்கணும். ஒருத்தரைத் தனியா விட்டுட்டுப் போனா, போனவங்க பேப்பர் செல்லாது."

அண்ணி எழுதினார். வியப்பு… அனைத்தும் நினைவில் நின்றன. முடித்து எழுந்தார்.

"உட்காரும்மா. அந்தப் பொண்ணு இன்னும் எழுதுது."

அமர்ந்தார். பின்னால் பேனா முனை கீறும் ஒலி. சரக்… சரக்… ஈரச் சுண்ணாம்பின் வாடை. "அடிஷனல் ஷீட் சார்." தாளோடு தாளை நூலால் இழுத்துக் கட்டும் ஓசை. மீண்டும் சரக்… சரக்… மீண்டும், "அடிஷனல் ஷீட் சார்."

சன்னல்கள் இருண்டன. பின் வெளுத்தன. பின் இருண்டன.

"மணி அடிச்சிருக்கணுமே?" நெட்டையின் குரல் இறங்கியிருந்தது.

அடிக்கவில்லை… அண்ணி கேட்டும் பார்த்தார். "அந்தப் பொண்ணு முடிக்கட்டும்," என்றார் முதியவர். அவர் கண் இமைக்கவில்லை.

அண்ணி தமக்குத் தெரிந்த துதியை முணுமுணுத்தார். நாள்தோறும் ஓதுவதுதான். நா முதலடியையே சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த அடி வரவேயில்லை.

திரும்பினார். "ஏம்மா… முடிச்சிடேன். நான் வீட்டுக்குப் போகணும்."

கூந்தலுக்குள்ளிருந்து மெல்லிய குரல். "முடிச்சாத்தானேக்கா ஃபெயில்… கூட இருங்கக்கா."

அப்போது கதவு திறந்தது. மழையில் நனைந்த மாணவி ஒருத்தி ஓடிவந்து, நடுவரிசையில் அமர்ந்து, தலைகுனிந்து எழுதத் தொடங்கினாள்.

"இப்போ ரெண்டு பேர் ஆயிட்டாங்க. நீ போம்மா," என்றார் முதியவர்.

விடைத்தாளைக் கொடுத்துவிட்டு ஓடிய அண்ணி, வாயிலில் ஒரு கணம் திரும்பிப் பார்த்தார். புதியவளின் வெள்ளைச் சட்டையில், வலக்கை முனையில்… நீலக் கறை.

தம் கையைப் பார்த்தார். துணி தூய வெண்மையாக இருந்தது.

"பா… பாஸாயிட்டாங்களா?" என்றாள் நெட்டை.

தேறினார். மணமும் ஆயிற்று. ஆயினும் சில இரவுகளில், உறக்கத்திலேயே அவருடைய வலக்கை மெல்ல உயருமாம். "அடிஷனல் ஷீட் சார்…" அண்ணன் விழித்து, அந்தக் கையைப் பற்றிக் கீழே இறக்கி வைப்பாராம்.

விடிந்ததும் அண்ணன் செய்யும் முதல் வேலை… தம் உள்ளங்கையில் ஒட்டியிருக்கும் ஈர மையைக் கழுவுவது.