திருப்பி மாட்டிய வடிகட்டி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. பாயை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டு உட்காருங்கள். என் குரல் முன்போல எட்டாது. இன்றைக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி கதை சொல்கிறேன். அவர் மோட்டார் மெக்கானிக். டீசல் எஞ்சின் இருமினாலே எங்கே சளி என்று சொல்லிவிடுவார். அவளோ, வெயிலில் ஓடும் மோட்டாரையும் சொட்டுநீர்க் குழாயையும் எப்படிக் கையாளுவது என்று, தண்ணீர் அருகிய ஊர்களுக்கெல்லாம் போய்ச் சொல்லிக்கொடுத்தவள். அதனால் எல்லாருக்கும் அவள் டீச்சர். அவர்களுடைய மாதுளைத் தோட்டத்தில் காலை வெயில் எட்டிப் பார்த்ததுமே பேச்சு சூடாகிவிட்டது. வாருங்கள், வரப்போரமாக நின்று கேட்போம்.

டீச்சர்: அம்புக்குறி எந்தப் பக்கம் பாக்குது?

மெக்கானிக்: எந்த அம்பு?

டீச்சர்: வடிகட்டி மேல போட்டிருக்கே, அந்த அம்பு.

மெக்கானிக்: அது... என்னைத்தான் பாக்குது. கோவமா பாக்குது, உன்னை மாதிரி.

டீச்சர்: தண்ணி போற பக்கம் பாக்கணுங்க. நேத்தும் திருப்பித்தான் மாட்டினீங்க. முந்தாநாளும் அப்படித்தான். கழட்டுங்க.

மெக்கானிக்: காலங்காத்தால ஒரு மனுஷனைப் புடிச்சு இப்படியா...

டீச்சர்: கழட்டுங்கன்னேன்.

மெக்கானிக்: உத்தரவு, டீச்சரம்மா.

டீச்சர்: கண்ணைக் கட்டிவிட்டாலும் எஞ்சினைப் பூட்டுவேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிறீங்க. ஒரு வடிகட்டியை மாட்டத் தெரியல.

மெக்கானிக்: எஞ்சின்னா சத்தம் போடும். எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லிடும். இது ஊமை. வெயில் அடிக்குது, தண்ணி வருது. ஒரு புகை உண்டா, ஒரு நாத்தம் உண்டா?

டீச்சர்: எல்லா வலியும் சத்தம் போடாதுங்க.

மெக்கானிக்: அம்பைத் திருப்பிட்டேன், பாத்துக்க.

டீச்சர்: நல்லா இறுக்குங்க.

மெக்கானிக்: திருகிக்கிட்டு இருக்கேன்ல.

டீச்சர்: சரி. மோட்டாரைப் போட்டாச்சு, இப்ப மேல்பாத்திக்குத் தண்ணி போயிட்டிருக்கு. கீழ்ப்பாத்திக்கு மாத்துங்க, பாக்கறேன்.

மெக்கானிக்: இந்த வால்வை மூடிட்டு...

டீச்சர்: ஐயோ, கையை எடுங்க! அடுத்ததைத் தொறக்காம இதை மூடினா, மோட்டாரு தள்ளுற தண்ணி எங்க போகும்? குழாய் பொளந்துக்கும்!

மெக்கானிக்: மறந்துட்டேன்.

டீச்சர்: முதல்ல அடுத்ததைத் தொறக்கணும். அது நல்லா ஓடுதான்னு பாக்கணும். அதுக்கப்புறம்தான் இதை மூடணும். பள்ளிக்கூட வாசல்கூட மிதிக்காத பொம்பளைங்க என் கிளாஸ்ல ஒரே நாள்ல புடிச்சுக்கிட்டாங்க.

மெக்கானிக்: டீச்சரைப் பாத்து பயந்திருப்பாங்க.

டீச்சர்: உங்களுக்கு பயமே இல்லையாக்கும்?

மெக்கானிக்: இருக்கு... இது வேற பயம்.

டீச்சர்: பேச்சை மாத்தாதீங்க. மோட்டாரை ஓட்டுற சோலார் பேனலை எப்பத் துடைக்கணும்?

மெக்கானிக்: உச்சி வெயில்ல. நல்லாக் காயும்.

டீச்சர்: அடப் பாவி மனுஷா! காலையில, சூடு ஏறறதுக்கு முன்னாடி. கொதிக்கிற கண்ணாடியில பச்சைத்தண்ணி பட்டா விரிசல் விட்டுடும்.

மெக்கானிக்: இதெல்லாம் எனக்கெதுக்கு? நீதான் இருக்கியே.

டீச்சர்: நான்... பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா?

மெக்கானிக்: எத்தனை நாளைக்கு?

டீச்சர்: கொஞ்ச நாளைக்கு.

மெக்கானிக்: கொஞ்சம்னா?

டீச்சர்: கொஞ்சம்னா கொஞ்சம். ஒவ்வொண்ணுக்கும் குறுக்குக் கேள்வி.

மெக்கானிக்: அவ கூப்பிட்டாளா?

டீச்சர்: பெத்தவ போறதுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?

மெக்கானிக்: இல்ல, டவுனுக்கும் வாரா வாரம் போற. பைப்பு வாங்கன்னு சொல்ற. ஒரு முழம் பைப்பு வீடு வந்து சேரல.

டீச்சர்: கடையில சரக்கு வரலைங்க.

மெக்கானிக்: ம்... ஏன் உக்காந்துட்ட?

டீச்சர்: வெயிலு.

மெக்கானிக்: வெயிலே இன்னும் ஏறல.

டீச்சர்: எனக்கு ஏறிடுச்சு. நீங்க அந்தக் கடைசிக் குழாயோட மூடியைத் தொறந்துவிடுங்க, கசடு வெளிய போகட்டும். ஊசி கீசி எடுத்தீங்க, தொலைச்சுப்புடுவேன்.

மெக்கானிக்: அதை இன்னும் மறக்கலியா நீ?

டீச்சர்: எப்படி மறக்கறது? குழாய் போட்ட புதுசுல, மேல மண்ணு காஞ்சு கெடக்குன்னு ஒவ்வொரு துளையையும் ஊசியால குத்திக் குத்திப் பெருசாக்கி வெச்சீங்களே. முதல் வரிசையில குளம், கடைசி வரிசையில பாலைவனம்.

மெக்கானிக்: செடி செத்துடுமேன்னு பதறிட்டேன். அது நிஜமாவே தெரியாமப் பண்ணினது.

டீச்சர்: நிஜமாவேன்னா... மத்ததெல்லாம்?

மெக்கானிக்: ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

டீச்சர்: வேரு நனைஞ்சிருக்கான்னு தோண்டிப் பாக்கணும். மேல காஞ்சிருக்கறதை வெச்சு முடிவு கட்டக்கூடாது.

மெக்கானிக்: மேல நல்லா இருக்கறதை வெச்சும் முடிவு கட்டக்கூடாது... இல்லையா?

டீச்சர்: இன்னிக்கு என்ன, பேச்செல்லாம் ஒரு தினுசா இருக்கு?

பக்கத்துத் தோட்டத்துக்காரி: மாமா! மாமோவ்! இங்கதான் இருக்கீங்களா?

மெக்கானிக்: வாம்மா... அப்புறமா வாயேன். பாடம் நடக்குது.

பக்கத்துத் தோட்டத்துக்காரி: உங்களுக்குப் பாடமா? அக்கா, இவருக்கா பாடம் எடுக்கறீங்க? நேத்து எங்க தோட்டத்துல கடைசி வரிசைக்குத் தண்ணியே வரல. மாமா வந்தாரு, வடிகட்டியைக் கழட்டிக் கழுவினாரு, கண்ணிமைக்கறதுக்குள்ள மாட்டிட்டாரு. அம்பு திரும்பியிருக்குன்னு என்னைத் திட்டினாரு பாருங்க...

மெக்கானிக்: ஏய், போதும்மா.

பக்கத்துத் தோட்டத்துக்காரி: இருங்க மாமா. எங்க வீட்டுக்காரருக்கு வால்வு மாத்தக்கூடச் சொல்லிக்கொடுத்தாரு. "முதல்ல அடுத்ததைத் தொறக்கணும், அது நல்லா ஓடுதான்னு பாக்கணும்"னு அப்படியே உங்க குரல்லயே பேசிக் காமிச்சாரு. நாங்க சிரிச்ச சிரிப்பு! ...ஏன்க்கா? நான் ஏதாச்சும் தப்பா...

டீச்சர்: ஒண்ணும் இல்லடி. நீ போ.

பக்கத்துத் தோட்டத்துக்காரி: அடுப்புல பால் இருக்கு... வரேன்க்கா.

டீச்சர்: எப்பலேருந்து?

மெக்கானிக்: என்ன எப்பலேருந்து?

டீச்சர்: இந்த வேலையெல்லாம் எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?

மெக்கானிக்: ஊசி குத்தி உன்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேனே, அப்பலேருந்து. நீ கிளாஸ் எடுக்கப் போனதும் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுப் பாத்துட்டேன். மெக்கானிக் கை சும்மா இருக்குமா?

டீச்சர்: அப்புறம் ஏங்க என்னைத் தினம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தவிட்டீங்க? இருக்கற கொஞ்ச நஞ்சத் தெம்பையும்... நீங்க கத்துக்காம, இந்தச் செடிங்களையும் உங்களையும் விட்டுட்டு நான் எப்படிங்க...

மெக்கானிக்: பொண்ணு வீட்டுக்குப் போறது?

டீச்சர்: ...ஆமா. பொண்ணு வீட்டுக்கு.

மெக்கானிக்: டவுன் ஆஸ்பத்திரிக்கு எதிர்க்க ஒரு டீக்கடை இருக்கு. டீ வாயில வெக்க முடியாது.

டீச்சர்: உங்களுக்கு எப்படி...

மெக்கானிக்: உன் பஸ்ஸுக்குப் பின்னாடியே வண்டியில வருவேன். நீ வெளிய வந்து பஸ் ஏறினதும் குறுக்கு வழியில முந்திக்கிட்டு வந்து, தூங்கற மாதிரி படுத்துக்குவேன்.

டீச்சர்: டாக்டரு...

மெக்கானிக்: கேட்டேன். சொல்லிட்டாரு. ஊசி போட்டு இனி பிரயோசனம் இல்லேன்னு உன்கிட்ட சொன்னதையும் சொல்லிட்டாரு.

டீச்சர்: தெரிஞ்சுக்கிட்டேவா என்கூட உக்காந்து சிரிச்சீங்க?

மெக்கானிக்: நீ சிரிக்கலியா?

டீச்சர்: ...சரி. போகட்டும். ஒரே ஒரு தரம், என் கண்ணு முன்னாடி அந்த வடிகட்டியைச் சரியா மாட்டிக் காட்டுங்க. பாத்துட்டா எனக்கு நிம்மதி.

மெக்கானிக்: முடியாது. அந்த நிம்மதிதான் எனக்கு பயம். இனி இவர் பொழச்சுக்குவாருன்னு தெரிஞ்சா நீ கண்ணை மூடிடுவே. நான் கத்துக்காத வரைக்கும் நீ போகமாட்டேன்னு... இந்தக் கிறுக்கு மனசு அப்படி நம்பிக்கிட்டு உக்காந்திருக்கு. நாளைக்கும் திருப்பித்தான் மாட்டுவேன். நாளைக்கும் வந்து திட்டு.

கதை அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் கிணறு ஊறிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் செடிகளின் வேர் காயாதிருக்கட்டும். உங்களைத் திட்ட ஒரு குரலும், அதை வாங்கிக்கொள்ள இரண்டு காதும் உங்கள் வீட்டில் நெடுங்காலம் சேர்ந்தே இருக்கட்டும்.