சூரிபாபுவின் குட்டையில் ஆக்சிஜன் அளந்தது பற்றி

என் பெயர் குடிமெட்ல வீரபத்ரம், வயது நாற்பத்தொன்று, தகப்பனார் பெயர் சோமராஜு. பீமவரம் பக்கம் பெத்தகாலுவ கிராமத்தில் குடியிருந்துகொண்டு, இறால் குட்டைகளின் தண்ணீரைப் பரிசோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் நடத்தி வருகிறேன். சூரிபாபு, ஏசுரத்னம் இருவரையும் எனக்குத் தெரியும். அவர்கள் குட்டைகளுக்கு நடுவே ஒரு வரப்புதான்.

சம்பவத்தன்று விடிந்த பிறகும் மேகம் மூடியே இருந்தது. சூரிபாபுவின் மைத்துனர் மோட்டார் சைக்கிளில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து, குட்டை இறால் முழுவதும் செத்துக் கரை ஒதுங்கிவிட்டதாகச் சொன்னார். நான் அளந்து பார்த்து, ஆக்சிஜன் குறையவில்லை என்று சொன்னேன். "அப்ப அந்த ஏசுரத்னம்தான் விஷ மருந்து கலந்திருக்கான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதன் பிறகு பாட்டிலைக் கழுவப் போனபோதுதான் அது பாதிதான் நிரம்பி வந்தது உறைத்தது. பாதிப் பாட்டிலைக் குண்டும் குழியுமான சாலையில் குலுக்கிக்கொண்டு வந்தால் வெளிக்காற்று தண்ணீரில் கலந்து, ஆக்சிஜன் செத்த தண்ணீரும் நல்ல தண்ணீராகக் காட்டும். ஆக்சிஜன் அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சூரிபாபுவும் அவர் ஆட்களும் ஏசுரத்னத்தை மோட்டார் கொட்டகைத் தூணில் கட்டிவைத்திருந்தார்கள். வாயில் ரத்தம். முன்தினம் வாய்க்கால் தண்ணீருக்காக அவருக்கும் சூரிபாபுவுக்கும் வாய்த்தகராறு நடந்ததால், விஷம் கலந்தது இவர்தான் என்று முடிவு கட்டியிருந்தார்கள். மின்சாரம் போய், இரண்டு குட்டைகளிலும் தண்ணீருக்குள் காற்றடிக்கும் சக்கரங்கள் நின்றிருந்தன.

"அய்யா, என் குட்டையில சக்கரம் சுத்த டீசல் என்ஜின மட்டும் ஓட்டிவிட்டுட்டு வந்துடறேன். அப்புறம் கட்டிவெச்சு அடிங்க" என்று ஏசுரத்னம் கெஞ்சினார்.

"ஓடப் பாக்கறான் பாரு" என்றார் சூரிபாபு. சிலர் சிரித்தார்கள்.

பாட்டில் தண்ணீரை நம்ப வேண்டாம், குட்டையிலேயே அளக்கிறேன் என்று நான் சொன்னேன். கருவியின் முனையை ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் நிறுத்தி, வெறும் காற்றில் நூறு காட்டும்படி சரிசெய்த பிறகுதான் தண்ணீரில் இறக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. நான் பொத்தானை அழுத்துவதைப் பார்த்ததும் சூரிபாபு என் சட்டையைப் பிடித்தார். "எண்ண நீயே ஏத்தி எறக்கி வெக்கிறியா? அவனுக்கு நீ என்ன உறவு?" என்று கேட்டார். அவர் இழுத்ததில் முனை மூடியைவிட்டு நழுவியது. எண் தொண்ணூற்றாறிலேயே நின்றது. அவசரப்பட்டால் ஒருவர் உயிருக்கு நானே உலை வைத்ததாகிவிடும் என்று நினைத்து, மறுபடி முதலிலிருந்து சரிசெய்தேன். அத்தனை நேரமும் ஏசுரத்னம் என்ஜின், என்ஜின் என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அவரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

அதன் பிறகு முனையை அடித்தண்ணீரில் இறக்கினேன். நூற்றுக்குப் பத்துகூட இல்லை. விஷம் இல்லை, இறால் மூச்சு முட்டிச் செத்திருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினேன். சூரிபாபு குனிந்து கருவியில் அந்த எண்ணைப் படித்தார். பிறகு தானே போய்க் கயிற்றை அவிழ்த்தார்.

ஏசுரத்னம் வரப்பைத் தாண்டி ஓடி என்ஜினைச் சுற்றினார். சக்கரம் சுழன்றது. நானும் பின்னால் போனேன். அவர் குட்டையின் ஓரமெல்லாமும் இறால் செத்து வெளுத்துக் குவிந்து கிடந்தது.

"சார், அந்தக் கருவிய இங்கயும் கொஞ்சம் எறக்குங்க" என்றார்.

நான் இறக்கவில்லை.

விஷம் கலக்கப்படவில்லை என்பதும், ஏசுரத்னத்தைக் கட்டிவைத்திருந்ததை நான் கண்டேன் என்பதும், அவர் என்ஜினை ஓட்ட ஓர் ஆளை அனுப்பும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை என்பதும் உண்மை. நான் சொல்லி எழுதிய இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டக் கேட்டேன். திருத்த எதுவும் இல்லை.

(ஒப்பம்) கு. வீரபத்ரம்