ரோலர் கோஸ்டருக்குக் கீழே ஒரு தூக்கம்

மனைவி: ஏங்க... ஏங்க! எந்திரிங்க!

கணவன்: ம்... பேப்பர் சிக்கிடுச்சா? மெஷினை நிறுத்து, மெஷினை...

மனைவி: மெஷினும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இது உங்க அச்சகம் இல்ல. ரோலர் கோஸ்டருக்குக் கீழ பெஞ்சுல வாயைப் பொளந்துக்கிட்டுக் கிடக்குறீங்க.

கணவன்: நீயா? தையல் கிளாஸுக்குல்ல போறேன்னு...

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. ராத்திரி பூரா அச்சடிச்சுட்டு வந்து வீட்ல தூங்குறீங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். கிளம்புறப்போ எட்டிப் பாத்தேனே! போர்வை போத்திப் படுத்திருந்தீங்களே!

கணவன்: அது வந்து...

மனைவி: எது வந்து?

கணவன்: தலகாணி.

மனைவி: என்னது?

கணவன்: போர்வைக்குள்ள ரெண்டு தலகாணி. நீ பாப்பாவைப் பள்ளிக்கூடத்துல விடப் போன நேரத்துல... மெதுவா பேசு, பாக்குறாங்க.

மனைவி: பாக்கட்டும்! தலகாணி தூங்குறதுக்கா நான் மிக்சியைத் தூக்கிக்கிட்டுப் பக்கத்து வீட்ல போய் அரைச்சேன்? தலகாணிக்காகவா நுனிக்கால்ல நடந்தேன்?

கணவன்: சரி, சரி. நீ எதுக்கு இங்க வந்த? அதைச் சொல்லு.

மனைவி: நானா? சும்மா... தோழி ஒருத்தி கூப்பிட்டா. திரும்பிப் போற வழியை அடைச்சுப் பெயின்ட் அடிக்குறாங்க. சுத்தி வந்தேன், உங்க செருப்பு கண்ணுல பட்டுச்சு.

காவலாளி: என்னக்கா, இன்னிக்கு ஒரு ரவுண்டோட சரியா? முன் சீட்டைப் பிடிச்சு வெச்சிருக்கேன்.

கணவன்: அக்காவா?

காவலாளி: அட, அண்ணனும் எந்திரிச்சாச்சா! அண்ணே, இவங்களைத் தெரியாதா? வாராவாரம் வருவாங்க. ஒத்தையாப் போவாங்க, கத்துற கத்துல நாங்க ஊதுற விசில்கூடக் கேக்காது...

மனைவி: உங்களை யாராவது கேட்டாங்களா? போய் டிக்கெட்டைக் கிழிங்க.

காவலாளி: நான் என்ன சொல்லிட்டேன்...

கணவன்: ஒத்தையாவா? தோழி எங்க?

மனைவி: தோழியும் இல்ல, தையலும் இல்ல. கத்தத்தான் வர்றேன். போதுமா?

கணவன்: கத்துறதுக்கா?

மனைவி: வேற எங்க போய்க் கத்துறது? குக்கர்ல விசில் வந்தா பாய்ஞ்சு போய் அமுக்கணும். காலிங் பெல்லுல ஒயரைப் பிடுங்கியாச்சு. உங்க பொண்ணுக்கு வாய் பேசவே வரலையான்னு டீச்சர் கேக்குறாங்க. வகுப்புலயும் கிசுகிசுன்னுதான் பதில் சொல்றாளாம். எனக்குக் கோபம் வந்தா அதைக்கூட ரகசியமாத்தான் பட வேண்டியிருக்கு!

கணவன்: யாரு உன்னை அப்படி இருக்கச் சொன்னா?

மனைவி: யாரா? கல்யாணமான புதுசுல ஒரு டம்ளர் கைதவறி விழுந்ததுக்கு, "பகல்ல தூங்குறவனைக் கொஞ்சம் நிம்மதியா விடமாட்டியா"ன்னு குதிச்சீங்களே!

கணவன்: அன்னைக்கு எனக்குப் பல்வலிடீ!

மனைவி: பல்வலியா?

கணவன்: கடைவாய்ப்பல்லு. மறுநாளே பிடுங்கிட்டேனே.

மனைவி: பல்லைப் பிடுங்குன மனுஷன் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இத்தனை வருஷம்!

கணவன்: எப்படிச் சொல்றது? நீ பூனை மாதிரி நடந்துக்கிட்டு இருந்த. எனக்காகத்தான் இவ்வளவும் பண்றியேன்னு... பாவமா இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டே படுத்துக்குவேன்.

மனைவி: தூங்காமலா?

கணவன்: ராத்திரி பூரா தடதடன்னு மெஷின் ஓடுற இடத்துல இருக்கேன். வீட்டுக்கு வந்தா மயான அமைதி. காது ஙொய்யின்னுது. சுவர்க் கடிகார முள்ளு நகர்ற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். போன மாசம் வேலைல நின்னபடியே கண் அசந்துட்டேன். உருளைக்குள்ள கை போகப் பாத்துச்சு.

மனைவி: கையா? எந்தக் கை? காட்டுங்க.

கணவன்: ஒண்ணும் ஆகல. அதான் இருக்குல்ல...

மனைவி: காட்டுங்கன்னா! உங்களை என்ன பண்ணாத் தகும்? கை போயிருந்தா அதையும் தலகாணிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருப்பீங்க!

கணவன்: அழாத. இங்க வந்து அழுவாங்களா யாராவது?

மனைவி: எரிச்சல்ல வருது, அழுகை ஒண்ணும் இல்ல. இங்க எப்படி வந்து சேந்தீங்க?

கணவன்: முதல்ல ஒரு நாள் வேலை முடிய நேரமாகி, பஸ்ல வீட்டுக்கு வந்துக்கிட்டு இருந்தேன். இந்தச் சத்தம் கேட்டுச்சு, இறங்கிட்டேன். தலைக்கு மேல வண்டி, நாலா பக்கமும் கூச்சல். சொர்க்கமா இருந்துச்சு. உக்காந்தேன், சாஞ்சுட்டேன்.

மனைவி: நல்லாருக்குங்க நம்ம குடும்பம்! நாளைக்கே பாருங்க, மிக்சி உங்க காதுக்குப் பக்கத்துல ஓடும். பாப்பாவைக் கட்டில் மேல ஏத்திக் குதிக்க விடுறேன். தினமும் இந்தப் பெஞ்சுல வந்து கிடக்குறீங்களா?

காவலாளி: இல்லக்கா. தினமும் வருவாரு, ஆனா செவ்வாய்க்கிழமைதான் தூங்குவாரு. மத்த நாளெல்லாம் மோட்டுவளையப் பாக்குற மாதிரி தண்டவாளத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

மனைவி: அதென்ன செவ்வாய்க்கிழமை? நான் வர்ற அன்னைக்கு மட்டும்?

கணவன்: அவருக்கென்ன தெரியும்...

மனைவி: வாயைத் தொறங்க. இன்னொரு பல்வலிக் கதை கேக்க எனக்குத் தெம்பில்ல.

கணவன்: நீ மேலேருந்து கத்துன முதல் நாளே யாருன்னு தெரிஞ்சுபோச்சு. மத்த நாளும் வந்து பாத்தேன். கத்துறதுக்கு ஊர்ப்பட்ட சனம் இருக்கு... உன் குரல் இல்லாம தூக்கம் வரல.