ஓட்டை போட்டவர் மேல் ஒரு புகார்

...மூணு தடவைங்க! மூணு தடவை புதுசா ஓட்டை போட்டுக் குடுத்தாச்சு, இன்னமும் அந்தத் தகடு ஒழுங்கா வேலை செய்யல. உக்காருங்க, உக்காருங்க, அந்த நாற்காலி இனிமே உங்களோடதுதான். சேந்த அன்னிக்கே என் புலம்பலைக் கேக்கணும்னு உங்க தலையெழுத்து, நான் என்ன பண்ண?

தகடு எதுக்குன்னா... சத்தத்தை விட ஆறு மடங்கு வேகத்துல பறக்குதுல்ல நம்ம வண்டி? பறக்குதுன்னா எங்க, இப்போதைக்கு என் கம்ப்யூட்டருக்குள்ளதான் பறக்குது. அதோட மேல்தோலை ஒட்டி மெல்லிசா ஒரு காத்துப் படலம். அது சாதுவா வழுக்கிட்டுப் போற வரைக்கும் கவலையில்ல. தாறுமாறா சுழல ஆரம்பிச்சுதோ, சூடு பல மடங்கு ஏறிடும். படலத்துக்குள்ள நம்ம காதுக்கே கேக்காத ஒரு கீச்சுச் சத்தம் வளந்துகிட்டே போகும் பாருங்க, அதுதான் கலகத்தை ஆரம்பிச்சு வெக்கறது. அதை முழுங்கத்தான் மேல்தோல் தகட்டுல ஓட்டை. தலைமுடியை விடச் சின்னது, ஆயிரக்கணக்குல. புரியுதா? ...தலையாட்டறீங்க, நல்லது. எங்க வீட்டுக்காரர் தலையாட்டவே மாட்டார்.

ஆமா, ஓட்டை போடறதே அவர்தான்! கீழ லேசர் பட்டறையில இருக்கார். அவர் போடுவார், அளந்து அனுப்புவார், நான் அந்த அளவை வெச்சு கம்ப்யூட்டர்ல காத்தை ஓட்டிப் பாப்பேன். பாத்தா? வெறும் தகட்டை விட ஓட்டைத் தகட்டுலதான் கீச்சு ஜாஸ்தி! அளவு தப்புன்னு நான் சொல்ல, கணக்கு தப்புன்னு அவர் சொல்ல... ஒரு வாரமா வீட்டுல பேச்சுவார்த்தை கிடையாது. உப்பு வேணும்னாக்கூட எங்க மாமியார்தான் வாங்கி இந்தப் பக்கம் தள்ளணும்.

இன்னிக்கு மூணு மணிக்கு மீட்டிங். தகடு வேண்டாம்னு நான்தான் சொல்லணும். சொல்லிட்டா அவரோட ரெண்டு வருஷ உழைப்பு அம்போ. எனக்கு மட்டும் ஆசையா? ஆனா கணக்கு பொய் சொல்லுமா?

...என்ன? புரோகிராம்ல இந்த வரியா? தாராளமா கேளுங்க. இதுதான் ஓட்டை இருக்கற சுவரு, அதாவது அந்தத் தகடு. மேல அழுத்தம் கூடினா காத்து ஓட்டைக்குள்ள போகும், குறைஞ்சா வெளிய வரும். சுவத்துல இருந்து மேல வந்தா பிளஸ், உள்ள போனா மைனஸ். அவ்வளவுதான். ...மைனஸ் எங்கயா? அதான், இங்க...

இங்க...

இருங்க. இந்த வரியை என் பழைய புரோகிராம்ல இருந்து எடுத்து ஒட்டினேன். அதுல உள்ள போறதுதான் பிளஸ்... ஐயையோ! அப்போ சத்தம் வந்து மோதறப்பல்லாம் இந்தச் சுவரு முழுங்காம திருப்பி ஊதிவிட்டிருக்கு! நான்தான் ஊத வெச்சிருக்கேன்! எழுந்திரிக்காதீங்க, மைனஸ் போட்டு ஒரு சின்ன ரன் ஓட்டிப் பாத்துடலாம்... ஓடுது... கீச்சு இறங்குது பாருங்க. இறங்கிக்கிட்டே போகுது. அந்த மனுஷனை என்ன பாடு படுத்திட்டேன், பாவி நான்!

மணி என்ன? ரெண்டே முக்காலா? அந்த ஃபோனை இப்படிக் குடுங்க.

ஹலோ... நான்தான். வெச்சிடாதீங்க! உங்க தகடு... சரியாத்தான் இருக்கு. ...தப்பு என்னோடது. ...ஆமா, நானேதான் சொல்றேன். ...என்ன அங்க சிரிப்புச் சத்தம்? ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? பட்டறை மொத்தமும் நிக்குதா? ...சரி, எல்லாரும் நல்லாக் கேட்டுக்கோங்கப்பா, தப்பு என்னோடது! ...போதுமா? ...இல்ல, வெக்காதீங்க. கொஞ்சம் மேல வாங்களேன். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் இதையே சொல்லணும், நீங்க பக்கத்துல இருங்க.