கங்கையை அணைத்த மத்தியானம்

வசுமதி: கங்கைய அணைச்சாச்சா?

ஜம்புநாதன்: அணைச்சுட்டேன். தண்ணி போயி இப்ப வெறும் நீலம். பாய் விரிச்சாப்ல இருக்கு.

வசுமதி: பாவம் கீவம் வந்துடாதே?

ஜம்புநாதன்: பூஜை க்ளப் பசங்க பண்ணின கம்ப்யூட்டர் மினிபஸ் கேம் வசு. அதுல ஓடற கங்கைக்கெல்லாம் பாவம் கிடையாது. கேம் வேகமா ஓடணும்னா படத்தைக் குறைக்கணுமாம். குறைச்சேன்.

வசுமதி: சரி, பஸ்ஸை எடுக்கறேன்... பாலிகஞ்ச் தாண்டியாச்சு... நன்னாப் போறது... இதோ ஹவுரா பாலம்... ம்ஹும். நின்னுடுத்து.

ஜம்புநாதன்: நிஜத்துலயும் அங்க நிக்கத்தான் நிக்கும்.

வசுமதி: நிஜத்துல பஸ் மட்டும் நிக்கும். இங்க காக்காயும் அந்தரத்துல நிக்கறது. சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஃபைனல். நான் இப்படி நின்னுண்டிருந்தா, 'கிடர்பூர் புலி'ன்னு பேர் வெச்சுண்டு எதிர்ல ஓட்டறானே, யாருன்னே தெரியல, அவன் தாண்டிப் போயிண்டே இருப்பான்.

ஜம்புநாதன்: போனாப் போறான். அம்பது வயசுக்கு மேல மினிபஸ் ரேஸ்...

வசுமதி: பேசாதேங்கோ. ஜெயிக்கறவாளுக்கு என்ன பரிசுன்னு தெரியுமோன்னோ? துர்கா பூஜை அஞ்சு நாளும் பந்தல் மைக் எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு அவாதான் சொல்லலாம். போன வருஷம் நம்மாத்து ஜன்னலுக்கு நேரா வெச்சா. குக்கர் விசில்கூடக் காதுல விழல.

ஜம்புநாதன்: சைகையிலயே பேசிண்டோம். எனக்கென்னவோ நன்னாத்தான் இருந்தது.

வசுமதி: இந்த வருஷம் வெங்குட்டு அண்ணா வரார். பத்து நாள் தங்கப் போறார். மைக் சத்தம் இருந்தா வரவே மாட்டேன்னு கண்டிஷனா சொல்லிட்டார்.

ஜம்புநாதன்: ...அப்படியா சொன்னார்?

வசுமதி: ஃபோன்ல சொல்றச்சே பக்கத்துலதானே நின்னேள்.

ஜம்புநாதன்: ஆமாமா. சரி, அடுத்தது எதைக் குறைக்கலாம்... 'ஜனக்கூட்டம்'னு ஒண்ணு இருக்கு.

வசுமதி: குறைங்கோ.

ஜம்புநாதன்: கல்கத்தால கூட்டத்தைக் குறைக்க இத்தனை வருஷமா ஒருத்தராலயும் முடியல. இந்தா, ஒரே தட்டு.

வசுமதி: ஐயோ, பாலத்தடில மசாலாப் பொரி விப்பானே, அந்த ஜால்முரிக்காரனும் போயிட்டானே. தினம் அவனைப் பாத்து ஒரு ஹார்ன் அடிச்சுட்டுத்தான் போவேன்.

ஜம்புநாதன்: பஸ் வேணுமா, முரி வேணுமா?

வசுமதி: ...பஸ். நிழல் எல்லாம்?

ஜம்புநாதன்: காலம்பறயே எடுத்துட்டேன். மேகம், மழை, டிராம், பூஜை லைட்டு... எல்லாம் போயாச்சு.

வசுமதி: பாலம் இருக்கோல்லியோ?

ஜம்புநாதன்: இருக்கு. கம்பிதான் இல்ல.

வசுமதி: ஏன்னா... கண்டக்டருக்கு மூஞ்சியக் காணும்.

ஜம்புநாதன்: மூஞ்சி எதுக்கு? 'ஹவுரா ஹவுரா'ன்னு கத்தறான் பாரு, வாய் இல்லாமயே. அது போதும்.

வசுமதி: மறுபடி ஓட்டறேன்... பாலிகஞ்ச்... இப்ப பாலம்... நின்னுடுத்து. முன்னைவிட மோசம்.

ஜம்புநாதன்: அந்தக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர்கிட்ட கேட்டியே, என்ன சொன்னார்?

வசுமதி: பாப்பிதாவா? கேம் நின்னு நின்னு போறதோல்லியோ, அதை 'ரொம்ப லாக் ஆறது'ன்னு சொன்னேன். 'கோத்தாய் லாக்ச்சே மாஷிமா'ங்கறார்.

ஜம்புநாதன்: பெங்காலில 'லாக்ச்சே'ன்னா வலிக்கறதுன்னா அர்த்தம். எங்க வலிக்கறதுன்னா கேட்டார்?

வசுமதி: ஆமா. பாலத்துலன்னேன். எந்தப் பாலத்துல விழுந்தேள், வெந்நீர் ஒத்தடம் குடுங்கோன்னார். புரிய வெக்கறதுக்குள்ள...

ஜம்புநாதன்: ஒத்தடம் குடுத்துப் பாக்கலாமா?

வசுமதி: விளையாடாதேங்கோ. அப்புறந்தான் சொன்னார், உள்ள சூடு ஏறிப்போயிருக்கும், தூசி தட்டிட்டு, நடுவுல இருக்கற சிப்புக்குக் குளிர்ச்சியா ஒரு பேஸ்ட் தடவணும்னு. காலம்பற உங்ககிட்டதானே சொன்னேன். தடவினேளோல்லியோ?

ஜம்புநாதன்: தடவினேனே.

வசுமதி: என்ன பேஸ்ட்?

ஜம்புநாதன்: ...சந்தனம்.

வசுமதி: என்னது?

ஜம்புநாதன்: குளிர்ச்சின்னா சந்தனந்தானே? பவுடர்கூட இல்ல, கட்டைய நன்னா இழைச்சு, கொஞ்சம் பன்னீர் விட்டு—

வசுமதி: பன்னீரா? கரண்ட் ஓடற எடத்துலயா?

ஜம்புநாதன்: கொஞ்சம்தான். ரெண்டு சொட்டு.

வசுமதி: அதான் காலம்பறலேர்ந்து கமகமன்னு இருக்கா? பக்கத்தாத்து பெங்காலி மாமி வந்து, உங்க வீட்டுல கல்யாணமான்னு கேட்டா. நானும் இல்லைன்னு... அது என்ன புகை?

ஜம்புநாதன்: எங்க?

வசுமதி: பெட்டிக்குப் பின்னால. ஸ்விட்ச்சை அணைங்கோ. கங்கைய இல்ல, ஸ்விட்ச்சை.

ஜம்புநாதன்: அணைச்சுட்டேன்... போயிடுத்து போலருக்கு.

வசுமதி: போயிடுத்தா?

ஜம்புநாதன்: முழுக்கப் போயிடுத்து. சரி வசு, நான் எங்க ஆபீஸ் சௌந்தரராஜன் ஆத்துக்குக் கிளம்பறேன். பீரோ நகத்தணும்னு கூப்பிட்டான்.

வசுமதி: கம்ப்யூட்டர் எரிஞ்சு கிடக்கு, பீரோ நகத்தப் போறேளா?

ஜம்புநாதன்: விடு, மனசுல வெச்சுக்காதே. எப்படியும் புலி நன்னா ஓட்டறான். முந்தாநாள் ப்ராக்டிஸ்ல உன்னைப் பாலத்துல முந்தினானே, நீ பிரேக்குக்குப் பதிலா ஹார்னைத்தானே அடிச்சே.

வசுமதி: முந்தாநாள் நீங்க ஆபீஸ்ல இருந்தேள்.

ஜம்புநாதன்: இருந்தேன். நீதானே சாயந்தரம் சொன்னே.

வசுமதி: நான் சொல்லல. மானம் போறதேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

ஜம்புநாதன்: அப்படின்னா... பாப்பிதா சொல்லிருப்பார்.

வசுமதி: அந்த ஹார்ன் காதுல விழுந்தது புலி ஒருத்தனுக்குத்தான். உங்க ஆபீஸ் எங்க இருக்கு?

ஜம்புநாதன்: ஏன், துறைமுகத்துல.

வசுமதி: துறைமுகம் எங்க இருக்கு?

ஜம்புநாதன்: ...கிடர்பூர்ல ஆயிரம் பேர் வேலை பாக்கறா வசு.

வசுமதி: பீரோவா, பஸ்ஸா?

ஜம்புநாதன்: ...பஸ். அவன் கம்ப்யூட்டர்ல.

வசுமதி: சந்தனம்?

ஜம்புநாதன்: தெரிஞ்சேதான் தடவினேன். பன்னீரும்.

வசுமதி: கட்டின பொண்டாட்டி கம்ப்யூட்டர்ல...

ஜம்புநாதன்: பத்து நாள் வசு. போன தடவை உங்கண்ணா நான் பல் தேய்க்கறதைப் பாத்துத் திருத்தினார். செருப்பு போட்டுண்டா எந்தக் காலை முதல்ல விடணும்னு சொல்றார். என் ஆத்துலயே நான் லீவு கேட்டுண்டு நிக்கற மாதிரி இருக்கு. மைக் மட்டும் நம்ம பக்கம் இருந்தா வரமாட்டார். அதுக்குத்தான். எனக்கு வேற வழி தெரியல.

வசுமதி: என்கிட்ட சொல்லிருக்கலாமோன்னோ.

ஜம்புநாதன்: உன் கூடப் பொறந்தவராச்சே. எந்த வாயால சொல்றது?

வசுமதி: நான் ஜெயிச்சா மைக்கை எந்தப் பக்கம் வெக்கச் சொல்லப் போறேன்னு ஒரு தடவையாவது கேட்டேளா?

ஜம்புநாதன்: எதுக்குக் கேக்கணும்? நம்மாத்தைப் பாக்காம அந்தண்டை ஏரிப் பக்கம் திருப்பச் சொல்லிருப்பே.

வசுமதி: அண்ணா படுத்துக்கற ரூம் ஜன்னலுக்கு நேரா வெக்கச் சொல்லிருப்பேன். எனக்கு அண்ணாவைப் பிடிக்கும், இல்லேங்கல. ஆனா ரசம் கொதிக்கறச்சே பின்னால நின்னுண்டு உப்பு போட்டாச்சா உப்பு போட்டாச்சான்னு... என்னாலயும் முடியலன்னா. மணி நாலரை ஆச்சு, சட்டைய மாத்திண்டு கிளம்புங்கோ. ஜெயிக்காம ஆத்துக்கு வராதேங்கோ.