நாலு மணிக்கு வருகிறவன்

சர்க்கரை இரண்டு கட்டிதானே, நில்குன்? உன் அப்பாவுக்கும் இரண்டுதான். இந்த இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளைகள்கூட அவன் கொண்டுவந்து வைத்தவை. என் பூப்போட்ட கோப்பைகளைப் பார்த்தாலே அவனுக்குச் சிரிப்பு வரும். "அண்ணே, இதுல ஊத்துனா டீ இல்லண்ணே, ஆஸ்பத்திரிக் கஷாயம்" என்பான். உன் முன்னால் அவனை அவன் இவன் என்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. டூயிஸ்பர்க் நிலக்கரிச் சுரங்கத்தில் பத்தொன்பது வருஷம் ஒரே லிஃப்டில் இறங்கியவர்கள் நாங்கள். மேலே வந்தால் ஒரே வேலிக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான்.

மேசைமேல் வைத்திருக்கிறாயே ஒரு பொட்டலம், அது என்னவென்று எனக்குத் தெரியும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் உடுத்தும் தையலில்லாத இரண்டு வெள்ளைத் துணி. 2011இல் வாங்கியது. அலமாரியில் பிரிக்காமலே கிடந்தது என்கிறாய். "அப்பா ஏன் கடைசிவரைக்கும் போகல பெரியப்பா? எங்ககிட்ட முட்டிவலின்னு சொன்னாரு. அந்த முட்டியோடதான் உங்க கூரைமேல ஏறி ஓடு மாத்துனாரா?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டாய். நல்ல கேள்வி. சின்ன வயதிலிருந்தே நீ கெட்டிக்காரி.

முட்டிக்கு ஒன்றும் இல்லை. அவன் போகாததற்குக் காரணம் நான். எஸ்ஸனுக்கு, உன் வீட்டுக்கே ரயிலேறி வந்து நானே உன்னிடம் சொல்வதாக இருந்தேன். நீயே வந்தது நல்லதாகப் போயிற்று. இங்கே என்றால் நாற்காலி பழகியது.

புறாக்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1994. உனக்கு ஐந்து வயது. என் தோட்டத்துக் கூண்டில் இருபத்து மூன்று பந்தயப் புறாக்கள் இருந்தன. லோட்டே என்று ஒரு பெட்டை. புடாபெஸ்ட்டில் திறந்துவிட்டால் மறுநாள் என் தோளில் உட்கார்ந்திருப்பாள். ஆகஸ்டில் மாதா திருநாளுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து கெவெலார் கோயிலுக்கு நடந்து போவோம். நான் போய்வந்த நான்கு நாளும் புறாக்களுக்குத் தீனி போட்டது உன் அப்பா நெவ்ஸாத்தான். சனிக்கிழமை சாயங்காலம் திரும்பினேன். ஞாயிறு காலை பார்த்தால் கூண்டுக் கதவு திறந்து கிடக்கிறது. மரநாய் புகுந்து அத்தனை புறாவையும் கழுத்தில் கடித்துப் போட்டிருந்தது. தின்னக்கூட இல்லை. என் மனைவி ஹெட்விக் கோயிலுக்கு உடுத்தின உடுப்போடு புல்லில் உட்கார்ந்து அழுதாள்.

நெவ்ஸாத் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தான். "அண்ணே, நேத்து காலைல தீனி வச்சிட்டு கொக்கிய மாட்டினேனே... மாட்டினேனா? ஐயோ, இப்ப ஞாபகம் வரமாட்டேங்குதே!" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். நான் சொன்னது இவ்வளவுதான்: "பரவாயில்ல, விடு நெவ்ஸாத்."

அந்த ஒரு சொல்லுக்குக் குடியிருப்பு முழுக்க என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இருபத்து மூன்று புறா போயும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லையாம். பங்குச் சாமியார் பெயர் சொல்லாமல் பிரசங்கத்தில் சேர்த்தார். யாரைச் சொல்கிறார் என்று எல்லோரும் திரும்பி என் பெஞ்சைப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

சுரங்கம் மூடியபிறகு எங்களுக்குப் பேச நிறைய நேரம் கிடைத்தது. மன்னிப்பைப் பற்றித்தான் அதிகம் சண்டை போடுவோம். கால்பந்தில் இருவரும் ஒரே கட்சி. ஒருநாள் சொன்னான், "எங்க வேதத்துல ஒருத்தன் சுமைய இன்னொருத்தன் சுமக்க முடியாதுண்ணே. சுரங்கத்துல அவனவன் வெளக்க அவனவன்தானே தூக்கிட்டுப் போனோம்? அதே மாதிரிதான்."

"எங்களுக்கு அதுதான்டா அஸ்திவாரமே. பாவமே செய்யாத ஒருத்தர் எல்லார் பாவத்தையும் சுமந்தார்."

"அப்ப உங்களுக்கு என்னதாண்ணே வேலை?"

"ஞாயித்துக்கிழமை போய் நன்றி சொல்றது."

"நல்ல உத்தியோகம்" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "எங்க அல்லாஹ் கேட்டா குடுத்துருவான், பலியும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஆனா ஒரு சங்கதி. மனுஷனுக்குச் செஞ்ச தப்ப அந்த மனுஷன்தான் மன்னிக்கணும். அதுல அவனும் குறுக்க வரமாட்டான்." அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது தெரியாது.

2011 பிப்ரவரியில் ஹெட்விக் போய்ச் சேர்ந்தாள். அந்த அக்டோபரில் நெவ்ஸாத் ஒரு தட்டு பக்லாவா இனிப்போடு என் கதவைத் தட்டினான். புதுச் சட்டை, சவரம் பண்ணின கன்னம். ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா. கடைசி வீடாக என்னுடையதை வைத்திருந்தான்.

"அண்ணே, தெரிஞ்சும் தெரியாமயும் உங்களுக்கு நான் செஞ்ச எல்லாத்தையும் மன்னிச்சு பொருந்திக்குங்க. உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா நான் லேசாப் போயிட்டு வந்துருவேன்."

சொல்லத்தான் வாயெடுத்தேன், நில்குன். சத்தியமாக. அப்போது, நாற்பது நாள் அவன் இருக்கமாட்டானே என்று தோன்றியது. திரும்பி வந்தால் ஹாஜியார். மசூதியில் முதல் வரிசை, ஊரெல்லாம் விருந்துக்குக் கூப்பிடும். என் சமையலறைக்கு யார் வரப்போகிறார்கள்?

"புறா விஷயம் ஒண்ணு இருக்கே, நெவ்ஸாத்" என்றேன்.

தட்டு மெல்ல இறங்கியது. "அத நீங்க அன்னைக்கே விட்டுட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"வாய் விட்டுருச்சு. மனசு இன்னும் விடல."

அவன் இமாமிடம் போனான். இமாம் நல்ல மனிதர். நீ போ, இறைவன் பெரியவன், அவருக்காகவும் அங்கே துஆ செய் என்றாராம். உன் அப்பாதான் பிடிவாதக்காரன் ஆயிற்றே. அண்ணன் மனசில் முள் இருக்கும்போது மக்காவில் கஅபாவை எப்படிச் சுற்றுவது என்று பெயரை வாபஸ் வாங்கிவிட்டான். வீட்டில் முட்டிவலி என்று சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை பார்த்தாயா, அதுதான் அவன் குணம். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தேநீர்க் கெண்டியோடு வந்து நின்றான். "கொஞ்சம் கொஞ்சமா உங்க மனச எடுத்துர்றேண்ணே, பாருங்க" என்றான்.

எட்டு வருஷம், கெட்டிக்காரத்தனமாக முயன்றான். பனி விழுந்தால் என் நடைபாதையைத்தான் முதலில் வாருவான். வேலிச் செடியை வெட்டினான், கூரை ஓட்டை மாற்றினான், என் கண் ஆபரேஷனுக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கினான். ஒரு ஜோடிப் புறா வாங்கிவந்தான், நல்ல ஜாதி. லோட்டே மாதிரி வருமா என்றேன். வராதுதான் என்று ஒப்புக்கொண்டான். சில வருஷம் ரமலான் ஜூனில் வந்தது. இங்கே ஜூனில் சூரியன் மறைய ஒன்பதே முக்கால் ஆகும். நாக்கு வறண்டு உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் தேநீர் ஊற்றுவான். வேண்டாம்டா, நோன்பு நாளில் வராதே என்று சொன்னேன். ஒரு தடவை சொன்னேன்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஹஜ்ஜுக்குப் பெயர் கொடுக்கும் நேரம் வந்தால் தொண்டையைச் செருமுவான். "என்னண்ணே, இந்த வருஷம்?" "பாக்கலாம்டா" என்பேன். சிரித்துக்கொண்டே இன்னொரு குவளை ஊற்றுவான். செய்த பாவத்தைச் சொன்னால் சாமியார் எனக்கு அபராதமாக மூன்று பரலோக மந்திரம் சொல்லச் சொல்வார். அதில் என்ன திருந்திவிடுகிறேன்? நான் அவனுக்குக் கொடுத்தது தேநீரும் தோட்டவேலையும். யாரும் அதைக் கடுமை என்று சொல்லமுடியாது. அவனுக்காக ஜெபமும் செய்தேன், தினமும். சந்தோஷமான வருஷங்கள், நில்குன். ஹெட்விக் போனபிறகு நான் சிரித்ததெல்லாம் அந்த நாலு மணிகளில்தான்.

போன செப்டம்பரில் அவனை ஆஸ்பத்திரியில் பார்த்தேனே, நீ காபி வாங்கக் கீழே போயிருந்தாய். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து, "அண்ணே, இப்பவாவது..." என்றான். "வீட்டுக்கு வா, நாலு மணிக்கு, டீயோட சொல்றேன்" என்றேன். பிழைத்து வர ஒரு காரணம் இருக்கட்டுமே என்றுதான். மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.

மசூதி முற்றத்தில் அவன் சவப்பெட்டியை வைத்து இமாம் கேட்டார், "இவரை எப்படி அறிவீர்கள்?" நல்லவர் என்றார்கள். "இவர்மேல் உங்களுக்குள்ள உரிமைகளை விட்டு, மன்னித்துப் பொருந்திக்கொண்டீர்களா?" மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் என் குரல்தான் எல்லோரையும்விட உரத்து வந்தது. பெண்கள் பக்கமிருந்து நீ திரும்பிப் பார்த்து அழுதாய். உன் அம்மா பிறகு என் கையில் முத்தமிட்டாள். அன்றும் எனக்கு மனது நிறைந்திருந்தது.

இந்தத் தவக்காலத்தில்தான் பாவசங்கீர்த்தனத்தில் முழுக்கதையையும் சொன்னேன். இத்தனை வருஷமும், கறி தின்னக்கூடாத பெரிய வெள்ளியன்று சாஸேஜ் தின்றதைச் சொல்லியே சமாளித்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடித்து, சாமியார் தூங்கிவிட்டாரோ என்று வலைக்கதவைத் தட்டிப் பார்த்தேன். "ஆண்டவருடைய இரக்கத்துக்கு எல்லை கிடையாது. ஆனா மொதல்ல அந்தக் குடும்பத்துக்கிட்ட உண்மையச் சொல்லுங்க. அப்புறமா இங்க வாங்க" என்றார். நெவ்ஸாத் சொன்ன அதே சங்கதி. இரண்டு பேரும் எத்தனை வருஷம் வாதாடினோம், கடைசியில் அவனுடைய கட்சிக்கு என் சாமியாரே வக்கீல்.

உண்மையில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை கெவெலாரிலிருந்து வந்தவன் வீட்டுக்குள் போகவில்லை. ஹெட்விக்குக்குக்கூடத் தெரியாது. நேரே கூண்டுக்குப் போனேன். கையில் கோயில் தீர்த்தம், ஒரு சின்ன போத்தல். லோட்டேமேல், பிறகு எல்லாப் புறாமேலும் தெளித்து மாதாவிடம் ஒப்படைத்தேன். ஒரு கையில் போத்தல், மறுகையில் மூடி. கதவை முழங்கையால் தள்ளி மூடிவிட்டு வந்தேன். கொக்கியை மாட்டவில்லை. நெவ்ஸாத் காலையில் மாட்டியிருந்தான்; நான்தானே அதைக் கழற்றித் திறந்தேன். ஞாயிறு காலை அவன் என் கையைப் பிடித்தபோதே எனக்குத் தெரியும். அதற்கப்புறமும் ஒவ்வொரு நாளும் தெரியும்.

ஒருவன் சுமையை இன்னொருவன் சுமக்க முடியாது என்றானே. என்னுடையதை இருபத்தைந்து வருஷம் சுமந்தான், தேநீர்க் கெண்டியோடு சேர்த்து. அந்த வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று பல தடவை அவனிடம் சொல்லிச் சிரிக்க வாய் துறுதுறுத்தது. சொன்னால் வரமாட்டான் என்றுதான் அடக்கிக்கொண்டேன். மன்னிப்புக் கிடைத்தவன் எதற்கு மறுபடி வருகிறான்? ஈஸ்டருக்குப் பாவமன்னிப்பு வாங்கிவிட்டால் கிறிஸ்துமஸ்வரை அந்த வலைக்கதவுப் பக்கம் நானே எட்டிப் பார்ப்பதில்லை.

குடிக்கவில்லையே நீ, ஆறிவிட்டது. எழுந்திருக்காதே. பொட்டலத்தை ஏன் மார்போடு அணைத்துக்கொள்கிறாய், அது இங்கேயே இருக்கட்டும். எல்லாம் சொல்லிவிட்டேன், இனிமேல் நான் கேட்கவேண்டியது ஒன்றுதான். உன் அப்பா இடத்தில் இப்போது நீ. தெரிந்து செய்ததுதான், தெரியாமல் செய்தது ஒன்றும் இல்லை, மன்னித்துப் பொருந்திக்கொள்.

ஆனால் இன்றைக்கே சொல்லிவிடாதே, அம்மா. அவசரம் ஒன்றும் இல்லை. எஸ்ஸனிலிருந்து நாற்பது நிமிஷம்தான். நாளைக்கு வந்து, முடியாது பெரியப்பா, மனசு விடவில்லை என்று சொல். நாளன்றைக்கும் வந்து சொல். நாலு மணிக்கு நான் தண்ணீர் கொதிக்கவைத்திருப்பேன்.