நம்ம பக்கத்துப் பேச்சாளர்

...பின்ன என்ன சார், பேப்பரும் அந்தக் கம்பெனிக்காரனுது, டீவியும் அவனுது, வீட்டுக்கு வர்ற நெட்டும் அவனுது. அவன் சேனல்னா டக்குனு வருது, மத்ததெல்லாம் சுத்திக்கிட்டே கெடக்கு. இன்னும் பத்தலையாம். நம்ம மாடி ரேடியோ இருக்கே, அந்த அலைவரிசையும் வேணுமாம். வாய இன்னும் கொஞ்சம் தொறங்க. ஆங், அப்படியே. நீங்க என்னமோ கூரா இருக்கற பல்லத் தேச்சு மட்டும் விடுங்கன்னீங்க. நான் விடுவேனா? உள்ள அவ்ளோ பெரிய சொத்தை. அதான் ரெண்டு ஊசி சேத்தே போட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் வாய் மரத்துக் கெடக்கும்.

என்ன, ஊ ஊன்னா? வலிக்காது சார், சும்மா இருங்க.

எங்க விட்டேன்... ஆங், ரேடியோ. மாவு மில்லு மாடியில ஒரே ஒரு ரூம்பு, நாலு பேரு, ஒரு மைக்கு. அன்னிக்குக் குழாய்த் தண்ணில சாக்கடை கலந்துச்சே, குடிக்காதீங்கன்னு மொதல்ல சொன்னது யாரு? அவங்கதான். அந்த நேரத்துல பெரிய டீவில என்ன ஓடிச்சு? மெத்தை விளம்பரம். எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு சார். தெனம் காலையில ரேடியோக்காரங்க பேப்பர் படிக்கறதுதான் அதுக்கு உலகம். நான் படிச்சா வேணாங்குது. ஒரு வரி படிச்சிட்டு ஒம்பது வரி நானே பேசறேனாம். கேட்டீங்களா நியாயத்த? ஆனா அந்த ரேடியோ நின்னுச்சுன்னா அம்மா ஒடிஞ்சு போயிடும். நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு.

இன்னிக்கு மூணு மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அந்த அலைவரிசைய அவனுக்குக் குடுக்கலாமா வேணாமான்னு அதிகாரிங்க வந்து உக்காந்து ரெண்டு பக்கமும் கேப்பாங்க. கம்பெனிக்குக் கறுப்புக் கோட்டு வக்கீலுங்க ஒரு படையே வருது. நம்ம பக்கம் அந்த ஊடக உரிமைக் குழுலேந்து ஒரே ஒரு ஆளு, அஞ்சே நிமிஷம். மொதல்ல என்னத்தான் கூப்பிட்டாங்க. குழு சார்பா யாரு வேணா பேசலாம், நீங்க வாங்க டாக்டர்னு. எனக்கு எங்க சார் பேச வரும்? பேஷன்ட் இருக்காங்கன்னு நழுவிட்டேன். இப்ப யாரோ ஒரு வாத்தியாராம், புட்டுப் புட்டு வெப்பாராம். பாப்போம். இந்த மாதிரி ஆளுங்கல்லாம் கடைசி நேரத்துல வாயத் தொறக்க மாட்டாங்க.

ஏன் சார் நெஞ்சத் தொட்டுத் தொட்டுக் காட்டறீங்க, நெஞ்சு வலியா? இல்லியா? கடியாரத்த எதுக்குக் காட்டறீங்க? ஆச்சு, முடிஞ்சுது. கொப்பளிங்க. வழிஞ்சா வழியட்டும், உதடு மரத்தா அப்படித்தான். இருங்க, கழுத்துல கட்டின துணிய அவுக்கறேன்...

சட்டையில என்ன சார் பேட்ஜு? ஊடக... உரிமை...

ஐயையோ. அந்த வாத்தியார் நீங்கதானா?

வந்ததுமே சொல்லியிருக்கலாம்ல சார்? ...ஆமா, நான் எங்க சொல்ல விட்டேன். எங்க, வணக்கம் சொல்லுங்க பாப்போம். ...வேணாம், விடுங்க. தொடைச்சிக்கங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? என்னையா பேசச் சொல்றீங்க? எனக்குப் பேச வராதுன்னு இப்பத்தானே சொன்னேன். கும்பிடாதீங்க சார், எனக்குக் கஷ்டமா இருக்கு. என் வேலைதானே இது, உங்க வாயக் கட்டிப்போட்டது.

சரி, கெளம்புங்க. அவங்களுக்குக் கறுப்புக் கோட்டுன்னா நமக்கு வெள்ளக் கோட்டு. நீங்க பக்கத்துலயே உக்காருங்க. சாக்கடைத் தண்ணியச் சொல்லணும், மெத்தையச் சொல்லணும், நெட்டு சுத்தறதச் சொல்லணும், எங்கம்மாவச் சொல்லணும்...

ஏன் சார், அஞ்சு நிமிஷம் எப்படிப் பத்தும்?